கோவளம் கழியில் தூண்டில்: பாடு யாருக்கு?

மீன் கூடையில் மொரான் கெண்டைக்குப் பெரிய மரியாதை கிடையாது. முள் மிகுந்த மீன். வஞ்சிரத்தையும் கொடுவாவையும் தேடி வருகிறவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். தண்ணீரில் இருக்கும்போது அதன் கதை வேறு. வெள்ளித் தகடு போன்ற பெரிய செதில்கள், மேல்நோக்கித் திறக்கும் கீழ்த்தாடை, முகத்துக்குப் பொருந்தாத பெருங்கண், முதுகுத் துடுப்பின் கடைசியில் நூலாக நீண்டு தொங்கும் ஒரு கதிர். காற்று குறைந்த சேற்றுக் கழியிலும் அது பிழைத்துக் கிடக்கும். மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி, தன் காற்றுப்பையையே நுரையீரல் போலப் பயன்படுத்திக்கொள்ளும். அப்படி மேலே வந்து புரளும் அந்த ஒரு கணத்தில்தான் மீன் இருக்கும் இடம் தெரியும். 1782இல் புரூசோனே இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது 'கெண்டை போன்றது' என்று பொருள்படும்படி வைத்தார். நம் கரையிலும் அதைக் கெண்டை என்றே அழைத்தார்கள். உண்மையில் அது கெண்டைக்கு உறவே இல்லை. விலாங்குதான் அதன் பங்காளி. கண்ணாடி நாடா போன்ற குஞ்சுப் பருவம் இரண்டுக்கும் பொது. அட்லாண்டிக் கடலில் இதன் பெரியண்ணன் ஒன்று உண்டு. ஆள் உயரத்தையும் தாண்டி வளர்வது. டார்பன் என்று பெயர். அதைத் தூண்டிலில் மாட்டிப் பார்ப்பதற்காகவே உலகெங்கிலும் இருந்து ஆட்கள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு விமானம் ஏறுகிறார்கள்.

அவர்கள் அங்கே வாங்குவது என்ன? ஒரு படகு, அதை ஓட்ட ஒருவர், எந்த ஏற்றத்தில் எந்த மேட்டுக்கு மீன் வரும் என்று தெரிந்த ஒரு தலை. இந்த மூன்றையும் அரை நாளுக்கோ ஒரு நாளுக்கோ வாடகைக்கு எடுக்கிறார்கள். பெரும்பாலும் மூன்றும் ஒரே ஆளிடம் இருக்கும். அவரைத்தான் கைடு என்கிறார்கள். நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம் என்று பழைய மாமல்லபுரம் சாலை நெடுக அடுக்குமாடிகள் எழுந்த பிறகு, வாரக் கடைசியில் ராடும் ரீலுமாகக் கிளம்பும் கூட்டம் நம் பக்கமும் உண்டு. பக்கிங்காம் கால்வாயைக் கடந்தால் முட்டுக்காட்டுக் கழி. அதன் வாய் கோவளத்தில் கடலோடு சேர்கிறது. வாடகைப் படகில் தூண்டில் சுற்றுலா இங்கே வரலாமா என்ற கேள்வி இதனால் எழுகிறது. சுற்றுலாவை வளர்க்க நினைப்பவர்கள் 'எவ்வளவு வருமானம்?' என்கிறார்கள். சூழலியல் அன்பர்கள் 'மீன் என்ன ஆகும்?' என்கிறார்கள். இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகள்தாம், ஆனால் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் கேட்க வேண்டியவை. விற்பனைக்கு வருவது தண்ணீரைப் பற்றிய அறிவும் அந்தத் தண்ணீரில் நிற்கும் முறையும் என்பதால், 'யாருடைய முறை?' என்பதே முதல் கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் தொடங்கிய இடங்களில் இந்தத் தொழில் என்ன ஆனது, சொல்லிவிட்டுத் தொடங்கிய இடங்களில் என்ன ஆனது என்று பார்த்தால் கோவளத்துக்கான வழி ஓரளவு தெளிவாகும்.

புளோரிடாவை எல்லோரும் முன்மாதிரியாகச் சொல்வதால் அதிலிருந்தே தொடங்கலாம். 1885இல் நியூயார்க்கைச் சேர்ந்த டபிள்யூ. எச். வுட் என்பவர் சானிபெல் தீவுப் பக்கம் கோலும் கயிறுமாக ஒரு டார்பனைப் பிடித்தார். அதற்கு முன் அந்த மீனைக் கோலால் பிடிக்க முடியாது என்றே நினைத்திருந்தார்கள். வாய் முழுக்க எலும்பு, முள் இறங்காது. இறங்கினாலும் மீன் தண்ணீருக்கு மேல் துள்ளித் தலையை உதறும்போது கழன்றுவிடும். அதனால்தான் மீன் துள்ளும் நொடியில் கோலைத் தாழ்த்திக் கயிற்றைத் தளர்த்துகிறார்கள். பார்க்கிறவருக்கு மீனைக் கும்பிடுவது போல இருக்கும். செய்தி பரவியது, விடுதிகள் வந்தன, படகுகள் வந்தன. பிடித்த மீனைக் கம்பத்தில் தொங்கவிட்டுப் படம் எடுப்பதே பல ஆண்டுகள் வழக்கம். சாப்பிட உதவாத மீன் என்பதால் படம் எடுத்த பின் அது குப்பைதான். 2013இல் மாநில மீன்வளத் துறை டார்பனைப் பிடித்து விட மட்டுமே அனுமதி என்று சட்டம் செய்தது. சாதனை எடைக்காக ஒருவர் ஆண்டுக்கு ஒரு மீனை வைத்துக்கொள்ளக் கட்டணச் சீட்டு உண்டு. ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு மேற்பட்ட மீனைத் தண்ணீரை விட்டுத் தூக்கவே கூடாது. சார்லட் துறைமுகப் பகுதியில் மட்டும் டார்பன் தூண்டிலின் பொருளாதாரப் பயன் ஆண்டுக்குப் பத்துக் கோடி டாலரைத் தாண்டும் என்று ஓர் ஆய்வு கணித்தது. செத்த மீனைவிட உயிருள்ள மீனுக்கு விலை அதிகம் என்ற பாடத்தை எல்லோரும் எடுத்துக்கொள்வது இங்கிருந்துதான்.

அந்தப் பாடம் பொய் இல்லை, பாதிதான். விட்ட மீனெல்லாம் பிழைப்பதில்லை. தாம்பா விரிகுடாவிலும் போகா கிராண்டிலும் கருவி பொருத்தி விட்ட டார்பன்களில் சுமார் 13 விழுக்காடு செத்தன என்று ஆய்வில் தெரிந்தது. களைத்த மீனைச் சுறா பிடித்ததே முக்கியக் காரணம். பத்து வயதை ஒட்டித்தான் முட்டையிடத் தகுதி பெறும் மீன் இது. சிகாகோ ஷெட் மீன்காட்சியகத்துக்கு 1935இல் வந்த ஒரு டார்பன் 1998 வரை வாழ்ந்தது. இவ்வளவு மெதுவாக வளரும் உயிரில் சிறு இழப்பும் ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்துகொண்டே போகும். இன்னொரு பாதி பலர் கண்ணில் படுவதே இல்லை. புளோரிடாவில் கூலிக்கு ஆள் ஏற்றும் கைடு, அமெரிக்கக் கடலோரக் காவல்படையிடம் தேர்வெழுதி உரிமம் பெற்றவர். அடிப்படை உரிமத்தில் ஆறு பயணிகளுக்கு மேல் ஏற்ற முடியாது. படகுக்குத் தனியாக மீன்பிடி உரிமம்; அதுவே ஏறிவரும் வாடிக்கையாளரையும் உள்ளடக்கும். அதாவது 'கூலிக்குத் தூண்டில்காரரை ஏற்றும் படகு' என்ற ஒரு இனம் அந்த ஊர்ச் சட்டத்தில் இருக்கிறது. வருமானக் கணக்கை மட்டும் பிய்த்து எடுத்து வருகிறவர்கள் இந்த இனத்தை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

நம் மீனுக்கு வருவோம். மொரான் கெண்டை பெரும்பாலும் முழ நீளத்தில் நின்றுவிடும். அதை நம்பி மட்டும் இங்கே ஒரு தொழில் நடக்காது என்று ஒரு தடை சொல்லப்படுகிறது. சரியான தடைதான். ஆனால் அது தொழிலுக்கான தடை ஆகாது, மீனை மாற்றினால் போதும். கழியிலும் முகத்துவாரத்திலும் கொடுவா, காலா, செப்பிலி. வெளியே கடலில் பாறை, சீலா, வஞ்சிரம், பருவத்தில் மயில்மீன். அந்தமானில் பெரும்பாறை மீனுக்காகவே தூண்டில் படகுகள் ஓடுகின்றன. வெள்ளைக்காரர் காலத்திலேயே சென்னை மாகாண வருவாய்த் துறை அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் இந்தியத் தூண்டில் பற்றி எழுதிய புத்தகத்தில் கழிமுக மீன்களுக்கும் இடம் ஒதுக்கினார். ஆகவே புதுமை ஒன்றும் இல்லை. கோவளத்தில் முதன்மை மீன் என்றால் அது கொடுவாதான். ஆஸ்திரேலியாவில் 'பாரமுண்டி' என்று கொண்டாடப்படுவதும் இதே மீன். முட்டுக்காட்டில் ஆய்வு நிலையம் வைத்திருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997இலேயே கொடுவாவைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு எடுத்தது. கழிக்கரையிலேயே இந்த மீனை நன்கு அறிந்த ஒரு நிறுவனம் உட்கார்ந்திருக்கிறது என்பது மற்ற ஊர்களுக்கு எளிதில் வாய்க்காத வசதி.

கொடுவாவில் ஒரு சூட்சுமம் உண்டு. அது ஆணாக வளர்ந்து, சில ஆண்டுகளுக்குப் பின் பெண்ணாக மாறும் மீன். படம் எடுக்கத் தக்க பெரிய கொடுவா என்றாலே அநேகமாக முட்டை சுமக்கும் தாய். 'பெரியதைப் பிடி, சிறியதை விடு' என்பது மற்ற மீன்களில் நல்லெண்ணமாகத் தெரியும். கொடுவாவில் அது தாய்களை மட்டும் பொறுக்கி எடுக்கும் வேலை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் அதனால்தான் 58 செ.மீ.க்குக் கீழும் 120 செ.மீ.க்கு மேலும் உள்ள பாரமுண்டியை வைத்துக்கொள்ளத் தடை. நடுவில் உள்ளதை எடுத்துச் சமைக்கலாம். இந்த இடைவெளி முறை நமக்கு இன்னொரு வகையிலும் ஒத்துவரும். பிடித்த மீனையெல்லாம் விட்டுவிட வேண்டும் என்பது டார்பன் போன்ற முள்மீனுக்குப் பொருந்தலாம். ருசியான மீனைக் குழம்புக்கு எடுக்காமல் தண்ணீரில் விடு என்று கோவளத்துக் குப்பத்துக்காரரிடம் சொன்னால் அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் நியாயம் இருக்கிறது.

இனி முதல் கேள்வி. ஆஸ்திரேலியாவின் வடக்கு மண்டலத்தில் இதே கொடுவாவுக்காக இதே வாடகைப் படகுத் தொழில் பெரிதாக நடக்கிறது. அங்கே புளூ மட் விரிகுடாவை ஒட்டி வாழும் யோல்ங்கு பழங்குடியினர், தங்கள் நிலத்தின் மேல் ஏறி இறங்கும் ஓதநீர் யாருடையது என்று வழக்குத் தொடுத்தார்கள். 2008 ஜூலையில் நாட்டின் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பழங்குடி நிலத்தை ஒட்டிய ஓதநீர்ப் பரப்பில் நுழைய, அது வணிக வலையானாலும் விளையாட்டுத் தூண்டிலானாலும், அவர்கள் அனுமதி வேண்டும். மண்டலக் கடற்கரையில் ஏறத்தாழ 80 விழுக்காடு இதில் அடங்கியது. தூண்டில் சங்கங்கள் தொழில் அழிந்தது என்று பதறின. அழியவில்லை, நுழைவுக்காக அரசும் நில உரிமையாளர்களும் பேசி ஒப்பந்தங்கள் போட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மத்திய அமெரிக்காவின் பெலீஸ் இதே இடத்துக்கு வேறு பாதையில் வந்தது. 2009இல் டார்பன் உட்பட மூன்று மீன்களை விடுவதற்கு மட்டும் என்று அறிவித்தது. 2020இல் செவுள்வலையைத் தடை செய்தது. சுற்றுலா வழிகாட்டி உரிமம் அங்கே குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பாளருக்கும்தான். வெளிநாட்டார் விடுதி கட்டலாம். படகின் முனையில் நின்று மீனைக் காட்டுகிறவர் உள்ளூர்க்காரராக இருந்தாக வேண்டும். மீனைக் காப்பாற்றும் விதிகள் இரு இடத்திலும் உண்டு. அவை நிலைத்தது, அந்த மீனால் பிழைக்கும் ஆள் யார் என்பது முடிவாகியிருந்ததால்.

கோவளம் கழியில் இப்போது யார் நிற்கிறார்கள்? கடல் பக்கம் பட்டினவர் குப்பங்கள். ஃபைபர் படகும் அதற்கேற்ற வலைகளும், ஊர்ப் பஞ்சாயத்தும். கழியின் உள்ளே இருளர்கள். மார்பளவு தண்ணீரில் இறங்கி, அடிச்சேற்றைக் கையால் துழாவி இறால் எடுப்பவர்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் வேலையாக இருப்பதால் பனையோலைப் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு நகர்வார்கள். தலை மட்டும் வெளியே தெரியும் அந்த மனிதருக்குப் பத்தடி தள்ளி வேகப் படகு ஒன்று திரும்பினால் என்ன ஆகும் என்பதை எந்தத் திட்ட அறிக்கையும் எழுதுவதில்லை. இவர்களுக்குப் பட்டா கிடையாது. ஓதம் ஏறி இறங்கும் தண்ணீருக்கு யாருக்குமே பட்டா கிடையாது. ஆனால் முறை உண்டு. வடக்கே பழவேற்காட்டு ஏரியில் அந்த முறைக்குப் 'பாடு' என்றே பெயர். எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டுச் சுழற்சியில் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. நல்ல இடம் ஒருவருக்கே நிரந்தரமாகாது. மோசமான இடமும் அப்படியே. ஆய்வாளர்கள் பல காலமாக எழுதி வந்திருக்கும் இந்த ஏற்பாட்டைத் தூண்டில் சுற்றுலாவுக்குப் பொருத்திப் பார்ப்பது கடினமில்லை. வாடிக்கையாளரை ஏற்றும் நாளைக் குப்பத்துப் படகுகளுக்குள் பாடாகச் சுழற்றினால், ஒரு முதலாளி பத்துப் படகு வாங்கிக் கழியை வளைத்துக்கொள்ளும் வாய்ப்பு அடைபடும். ஒரே நாளில் நாற்பது படகு வாயில் குவியும் ஆபத்தும் அடைபடும். மீனுக்கு வேண்டிய கட்டுப்பாடும் மனிதருக்கு வேண்டிய பங்கீடும் ஒரே சீட்டில் முடிந்துவிடுகின்றன.

பாட்டைப் புகழும்போது அதன் குறையை மறைக்கக்கூடாது. பழவேற்காட்டில் பாடு குறிப்பிட்ட சில பட்டினவர் ஊர்களுக்குள் மட்டுமே சுழன்றது. அங்கே மீன்பிடிக்கும் இருளரும் தலித் மக்களும் வட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். அதே முறையைக் கோவளத்துக்கு அப்படியே கொண்டுவந்தால், பறியைக் கடித்து நிற்கிறவர் சொந்தக் கழியில் வேடிக்கை பார்ப்பவராவார். பஞ்சாயத்துக்கே விட்டுவிடலாம் என்ற வாதம் இங்கே உடைகிறது. அரசே ஏலம் விடட்டும் என்ற எதிர்வாதம் அதைவிட மோசம். ஏலத்தில் ஜெயிப்பது பணம் என்பது நம் ஊர் ஏரி மீன் குத்தகைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கழிக்குள் ஓடும் படகில் கைடாக இருக்கும் உரிமையில் இருளர்களுக்கு எழுத்தில் பங்கு, அவர்கள் இறால் துழாவும் மேடுகளில் இயந்திரப் படகுக்குத் தடை: இந்த இரண்டையும் அரசு நிபந்தனையாக வைத்து, மீதிச் சுழற்சியைப் பஞ்சாயத்திடம் விடுவதே நடைமுறைக்கு நெருக்கமானது.

'மீனவர் வேறு, கைடு வேறு. வாடிக்கையாளரிடம் பேச, உபகரணம் கையாளப் பயிற்சி வேண்டும்' என்பார்கள். வேண்டும்தான். ஆனால் எது கற்றுக்கொள்ளக் கடினம் என்று நிறுத்துப் பார்க்கலாம். கரையில் நின்று தண்ணீரின் நிறத்தைப் பார்த்து, தெற்கிலிருந்து வரும் தெண்டியா வடக்கிலிருந்து வரும் வன்னியா என்று நீரோட்டம் சொல்வது. வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குக் காற்று எந்த மீன் கரைக்கு ஒதுங்கும் என்று சொல்வது. முகத்துவார மணல்மேடு நேற்றிரவு எந்தப் பக்கம் நகர்ந்தது என்று சொல்வது. இதற்கு ஒரு ஆயுள் வேண்டும். ரீலைச் சுற்ற ஒரு வாரம் போதும். வட்டமாக வளைந்த முள்ளைக் கட்டினால் மீன் விழுங்காமல் தாடையோரத்தில் மாட்டும் என்பதைக் கற்க ஒரு நாள். இது வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிட முடியாதபடி கோவளமே ஒரு சான்று வைத்திருக்கிறது. மூர்த்தி மேகவன் என்ற மீனவர் அந்தக் கரையில் அலைச்சறுக்குப் பள்ளி ஒன்றை வளர்த்தெடுத்தார். குப்பத்துப் பிள்ளைகள் பயிற்சியாளர்களானார்கள். அலையை அறிந்தவனுக்குப் பலகை பெரிய விஷயமாக இருக்கவில்லை.

அப்படியானால் நாளைக்கே தொடங்கலாமா? சட்டத்தில் இடம் இல்லை. மீன்பிடிப் படகு என்று பதிவான படகு மீன் பிடிக்கலாம். பயணிகளை ஏற்ற வேண்டுமானால் அது வேறு இனம், வேறு தகுதிச் சான்று. கழிக்குள் ஓடினால் 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வரும். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் பிழைப்புக்கு மீன்பிடிப்பவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பணம் கொடுத்துப் பொழுதுக்கு மீன்பிடிப்பவர் அதன் கண்ணுக்கு வரவே இல்லை. இந்த இடைவெளி வெறும் காகிதப் பிரச்சினை அல்ல. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் சென்னையிலிருந்து வந்த குடும்பங்களை ஏற்றிய மீன்பிடிப் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் 22 உயிர்களைக் கொண்டுபோனது, மீன்பிடிப் படகிலிருந்து உல்லாசப் படகாக மாற்றப்பட்ட ஒன்று. இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான்: மீனுக்காகக் கட்டிய உடலில் ஆளை ஏற்றியது. வலையையும் ஐஸையும் தாழ்வாகச் சுமக்கும் படகில், உட்கார்ந்து பழக்கமில்லாத பத்துப் பேர் ஒரே பக்கம் எழுந்து நின்றால் அதன் நிலைப்பு போய்விடும். தூண்டில் படகிலோ ஒருவருக்கு மீன் மாட்டினால் எல்லோரும் எழுந்துதான் நிற்பார்கள்! அதுவும் முகத்துவாரத்தில், அலை உடையும் இடத்தில். விபத்துக்குப் பின் வழக்கமாக வருவது முழுத் தடை. தடை வந்தால் ரகசியச் சவாரி வரும். நான்கு பேர், உயிர்காப்பு உடுப்பு, தேர்வு எழுதிய ஓட்டுநர், காப்பீடு என்று வரையறுத்த ஒரு புது இனத்தை மாநில விதிகளில் சேர்ப்பது இவை இரண்டையும்விட எளிது.

சட்டத்தில் பெயர் இல்லாத பிழைப்பு என்ன ஆகும் என்பதற்குக் காவிரியே சாட்சி. கர்நாடகத்தின் பீமேஸ்வரி, காலிபோர் முகாம்களில் மகாசீர் மீனைப் பிடித்து விடும் தூண்டில் பல ஆண்டுகள் நடந்தது. ஆற்றோரக் கிராமத்து ஆட்கள் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் இருந்தார்கள். அது காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் அடங்கிய இடம். சரணாலயத்தில் தூண்டில் போடுவது வேட்டைதானே என்ற வாதம் எழுந்து, 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அத்தனையும் நின்றது. சட்டத்தைப் படித்தால் அந்த முடிவில் தவறு காண்பது கடினம். ஆனால் காலிபோரில் தூண்டில்காரர்கள் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த பிடிப்புக் குறிப்புகளை ஆய்வாளர்கள் பின்னால் எடுத்துப் பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது. காவிரிக்கே உரிய கூன்முதுகு மகாசீர் அருகிக்கொண்டே வந்திருக்கிறது. வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மகாசீர் பெருகியிருக்கிறது. 2018இல்தான் அந்தக் கூன்முதுகு மீன் இன்னது என்று அறிவியல் பெயரே உறுதியானது. அதற்குள் அது மிக ஆபத்தான நிலைக்குப் போய்விட்டது. பிடித்தவர்களின் நோட்டுப் புத்தகம் இல்லையென்றால் அந்தச் சரிவு யாருக்கும் தெரியாமலேயே நடந்திருக்கும். தூண்டில் நின்றதும் குறிப்பும் நின்றது.

எல்லாவற்றையும்விடக் கனமான எதிர்ப்பு ஒன்று மிச்சமிருக்கிறது. பசிக்காகப் பிடிப்பதில் ஒரு நியாயம் உண்டு. வேடிக்கைக்காக ஒரு உயிரின் வாயில் முள்ளை மாட்டி, களைக்க விட்டு, படம் எடுத்துவிட்டு அனுப்புவது என்ன நியாயம்? சுவிட்சர்லாந்து திரும்ப விடும் நோக்கத்தோடு மீன்பிடிப்பதையே தடை செய்திருக்கிறது. ஜெர்மனியில் தக்க காரணமின்றி முதுகெலும்புள்ள உயிரை வதைப்பது குற்றம், தக்க காரணம் என்றால் பெரும்பாலும் உணவு. இந்த எதிர்ப்புக்கு 'மீனுக்கு வலிக்காது' என்று பதில் சொல்வது நாணயமில்லை. செவுள்வலையில் இரவெல்லாம் கழுத்து இறுகிக் கிடக்கும் மீனைப் பற்றிப் பேசாதவர்கள் இதைப் பேசலாமா என்று திருப்பிக் கேட்பதும் பதிலாகாது. இடைவெளி அளவுக்குள் வந்த மீனை எடுத்துச் சமைப்பது, வெளியே உள்ளதைத் தண்ணீரிலேயே முள் கழற்றி விடுவது, நாளுக்கு இத்தனை என்று வைத்து எண்ணிக்கை முடிந்ததும் கோலை மடக்குவது. இப்படிச் செய்தால் விளையாட்டு மீண்டும் உணவை நோக்கித் திரும்புகிறது. முழுப் பதில் என்று சொல்ல மாட்டேன். தன் பிழைப்பில் ஒரு பங்கை இதிலிருந்து எடுக்கும் மீனவர் வலையில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்வார் என்றால் மட்டுமே கணக்கு மீனின் பக்கம் சாயும். வலையும் குறையாமல் தூண்டிலும் கூடினால், எதிர்ப்பாளர்கள் சொல்வதே சரி.

பருவத்தைப் பற்றிய சந்தேகத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான் என்றாலும், அது மீன் இனப்பெருக்கத்துக்கென்று சொல்லி வைத்த தடை. அந்நாட்களில் வாடிக்கையாளரை ஏற்றுவது ஊருக்கு முன் நிற்காது. வடகிழக்குப் பருவத்தில் கடல் யாரையும் கேட்காது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரை ஏறியது. மீதி மாதங்கள் ஒரு துணை வருமானத்துக்குப் போதும், முழுத் தொழிலுக்குப் போதாது. அதுவே நல்லது.

கடைசியில் எல்லாம் வந்து நிற்பது கழியின் வாயில். மொரான் கெண்டையானாலும் கொடுவாவானாலும் கடலில் பிறந்து, கண்ணுக்குத் தெரியாத குஞ்சாக முகத்துவாரத்தில் நுழைந்து, உவர்நீரில் வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போக வேண்டியவை. வாய் மணலால் மூடிக்கொண்டால் உள்ளே வரும் தலைமுறை நின்றுவிடும். உள்ளே உவர்ப்பு மாறினாலும் அப்படியே. கோவளத்தை ஒட்டித் திருப்போரூர் வட்டத்தில் புதிய நீர்த்தேக்கம் ஒன்று கட்டப்படும் என்று 2025-26 மாநில நிதிநிலை அறிக்கை சொன்னது. சென்னையின் குடிநீர்த் தேவை பொய்யில்லை. ஆனால் மழைக்கு நன்னீரும் கோடைக்கு உப்பும் மாறி மாறி வரும் சதுப்பை நன்னீர்த் தொட்டியாக்கினால், அங்கே வளரும் மீன் எதுவென்பதும் மாறிவிடும் என்று மீனவர்கள் சொல்வதும் பொய்யில்லை. முகத்துவார மணலை எந்த மாதம் வெட்டித் திறப்பது என்பதை இன்றைக்கு வெள்ளக் கணக்கே முடிவு செய்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் இயந்திரம் வரும், தோண்டும், போகும். குஞ்சுகள் எந்த மாதம் வாய்க்கு வெளியே வந்து நிற்கின்றன என்று அந்தப் பொறியாளரிடம் யார் போய்ச் சொல்வது? காலிபோரில் இருந்ததுபோல ஒவ்வொரு தூண்டில் படகிலும் ஒரு நோட்டு இருந்து, தேதி, ஓதம், மீன், அளவு என்று நான்கு கட்டம் போட்டு ஐந்தாறு வருஷம் எழுதிவந்தால், அவர் மேசையில் விரித்து வைக்க ஒரு பக்கமாவது இருக்கும்.